அது வேறு ரத்தம்

முதல் முறை ரத்தத்தைப் பார்த்தபோது என் இரண்டாவது பெண் தவழத் தொடங்கியிருந்தாள். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு கோடைக்காலம். காஞ்சிபுரத்தில் பட்டு நெய்கிற குடும்பங்கள் ஒட்டி ஒட்டி வாழும் ஒரு தெருவில், ரயில் பெட்டி போல நீண்டு கிடக்கும் வீடு எங்களுடையது. வாசலில் நுழைந்தால் தறி, தறியைத் தாண்டினால் சமையல்கட்டு, அதைத் தாண்டினால் கிணற்றடி, கிணற்றடியின் கோடியில் தகரக் கதவு போட்ட கக்கூஸ். பக்கத்துக் குடித்தனத்துக்கும் அந்த ஒரே கக்கூஸ்தான். உள்ளே போய் உட்கார்ந்த சற்று நேரத்துக்கெல்லாம் வெளியில் வாளி வைக்கும் சத்தம் கேட்கும். "யாரு உள்ள?" என்று ஒரு குரல் வரும். இருமிக் காட்ட வேண்டும்.

அன்று குனிந்து பார்த்தேன். வெள்ளைப் பீங்கானில் செக்கச்செவேல் என்று ரத்தம். வலி இல்லை. அதுதான் என்னை அதிகமாகப் பயமுறுத்தியது. வலித்திருந்தால் ஏதோ கிழிந்துவிட்டது என்று எண்ணியிருப்பேன். வலிக்காமல் ரத்தம் கொட்டினால் அது உள்ளிருந்து வரும் பெரிய வியாதியாகத்தான் இருக்க வேண்டும் என்று பட்டது. என் தாய்வீட்டுப் பக்கம், திருப்புட்குழியில், உறவுக்காரர் ஒருவர் ரத்தம் ரத்தமாகப் போய் எலும்பாகிச் செத்திருந்தார். அந்த ஞாபகம் வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வெளியே வந்தேன். வாளியோடு நின்ற பக்கத்துக் குடித்தனப் பெண், "இன்னாம்மா, மூஞ்சி வெளுத்துப் போயிருக்குது?" என்றாள். வெயில் என்று சொன்னேன்.

வீட்டில் நாங்கள் ஐந்து பேர். நான், என் கணவர், இரண்டு பெண் குழந்தைகள், என் மாமியார். அத்தை சின்ன வயதிலேயே கணவரை இழந்தவர். ஒரு தறியை வைத்துக்கொண்டு பிள்ளையை வளர்த்து ஆளாக்கியவர். கெட்டவர் இல்லை. அந்த வீட்டில் எது எப்போது நடக்க வேண்டும் என்பது அவருக்கு மட்டும்தான் தெரியும், அவ்வளவுதான். அவர் முன்கூடத்தில் ராட்டையில், குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுற்றிக்கொண்டிருப்பார். என் கணவர் தறிக்குழியில் காலை விட்டு உட்கார்ந்து நெய்வார். உடலும் கரையும் வேறு வேறு நிறமாக நெய்கிற கோர்வைச் சேலைக்கு ஒருவர் போதாது. பக்கத்தில் இன்னொருவர் உட்கார்ந்து கரைக்கான நூலோடு ஓடும் நாடாவைத் தள்ளிக் கொடுக்க வேண்டும். அந்த இன்னொருவர் நான். காலையில் உட்கார்ந்தால் சோற்றுக்குத்தான் எழுவோம்.

ஒரு வெள்ளிக்கிழமை, தறிக்குப் பொட்டு வைத்து விளக்கேற்றிவிட்டு வேலையைத் தொடங்கியிருந்தோம். நூல் கேட்டு வாசலில் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் நின்றிருந்தார். நான் ஏதோ எடுக்க எழுந்தேன். அத்தையின் குரல் வந்தது.

"நில்லு. பொடவைய பாரு."

திரும்பிப் பார்த்தேன். பின்புறம் உள்ளங்கை அகலத்துக்குக் கறை.

"சொல்ல மாட்டியா? வெள்ளிக்கிழமையும் அதுவுமா தறிமேல உக்காந்துகினு இருக்கிறியே. போ, போய்ப் பின்னாடி உக்காரு."

மாதவிலக்கு முடிந்து நான் தலைக்கு ஊற்றிக்கொண்டு சில நாட்களே ஆகியிருந்தன. அது அத்தைக்கும் தெரியும். அவரே ஒரு காரணமும் கண்டுபிடித்துக்கொண்டார். "புள்ள பெத்த ஒடம்பு. நாள் முன்ன பின்ன ஆவும்."

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன். எந்த வார்த்தையால் சொல்வது? நான் பன்னிரண்டாவது வரை படித்தவள். ஆசனவாய் என்று பாடப்புத்தகத்தில் படித்திருந்தேன். அதை ஒரு வீட்டில் யாராவது உச்சரித்து நான் கேட்டதில்லை. இன்னொரு வார்த்தை குழாயடிச் சண்டையில் மட்டும் வரும். இந்த இரண்டுக்கும் நடுவில், ஒரு மருமகள் மாமியாரிடம் சொல்லக்கூடிய வார்த்தை என்று ஒன்று எங்கள் பேச்சில் கிடையாது. போதாததற்கு வாசலில் ஓர் ஆண் நிற்கிறார். நான் வாயை மூடிக்கொண்டு பின்னால் போனேன்.

சமையல்கட்டுக்கும் கிணற்றடிக்கும் நடுவில் ஓடு சரிந்து இறங்கும் ஓர் இடம். ஒரு பாய், ஒரு தட்டு, ஒரு சொம்பு. தூரமான நாட்களில் எனக்கு அதுதான் இடம். சமையல்கட்டுக்குள் வரக் கூடாது, தறியைத் தொடக் கூடாது, சாமி படத்தைப் பார்க்கக் கூடாது. கைக்குழந்தைக்குத் தீட்டு இல்லை என்பதால் சின்னவளை மட்டும் கொண்டுவந்து விடுவார்கள். பெரியவள் நிலைப்படியில் நின்றுகொண்டு என்னையே பார்ப்பாள். "ஆயா தொடக் கூடாதுன்னு சொல்லுச்சு" என்பாள்.

முதல் தடவை எனக்கு உள்ளுக்குள் ஒரு நிம்மதிகூட இருந்தது. வேலை இல்லை, கால் நீட்டிப் படுக்கலாம். ஆனால் அடுத்த சில வாரங்களில் மறுபடி கறை பட்டது. மறுபடி பாய். பிறகு உண்மையான மாதவிலக்கு வந்தது, அதற்கும் பாய். மாதத்தில் பாதி நாள் நான் அங்கேதான் என்று ஆகிவிட்டது.

அந்த இடம்தான் என் நோயை வளர்த்தது என்று இப்போது தெரிகிறது. குடிக்கத் தண்ணீர் வேண்டுமென்றால் யாரையாவது கூப்பிட வேண்டும், அவர்கள் உயரத் தூக்கி என் சொம்பில் ஊற்ற வேண்டும். தறிச் சத்தத்தில் கூப்பிட்டால் கேட்காது. கேட்டு எழுந்து வந்தால் வேலை கெடும். அதனால் தாகத்தை அடக்கிக்கொள்வேன். கக்கூஸுக்கு எல்லோரும் போய் முடித்த பிறகுதான் நான் போக வேண்டும். அதனால் அதையும் அடக்கிக்கொள்வேன். அடக்கியது உள்ளே இறுகிக் கல்லாகும். கல்லானதை முக்கித் தள்ளினால் ரத்தம் வரும். ரத்தம் சேலையில் பட்டால் மறுபடி அதே பாய். எந்தப் பக்கம் போனாலும் அதே சுவரில் போய் முட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு இன்னொன்றும் தொடங்கியது. போய்விட்டு எழும்போது ஏதோ ஒன்று, ஒரு திராட்சைப் பழம் அளவுக்கு, வெளியே வந்து நிற்பது போல இருக்கும். சற்று நேரத்தில் தானாக உள்ளே போய்விடும். குடல்தான் இறங்குகிறது என்று நினைத்தேன். சின்னவள் என் மடியில் தூங்கும்போது, இவளுக்கு விவரம் தெரியும் வரைக்குமாவது இருப்போமா என்று யோசிப்பேன். அத்தை அந்தப் பக்கம் வந்தால் கண்ணைத் துடைத்துக்கொள்வேன்.

மூலம் என்ற சொல் எனக்குத் தெரியாமல் இல்லை. ராஜவீதிக்குப் போகிற வழியில் ஒரு நீளமான சுவர் முழுக்க நீல எழுத்தில் எழுதியிருக்கும். மூலம், பவுத்திரம், விரைவீக்கம், ஆபரேஷன் இல்லாமல் ஊசியில் குணம். கீழே ஒரு லாட்ஜின் அறை எண், வைத்தியர் வந்து போகும் கிழமை. அதை ஒட்டியே ஆண்களின் ரகசிய வியாதிகள் என்று இன்னொரு விளம்பரம். பள்ளிக்கூடப் பையன்கள் அந்த இடத்தில் வந்ததும் ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரிப்பார்கள். அதனால் அது ஆண்களுக்கு, அதிலும் ஒரு மாதிரியான ஆண்களுக்கு வருகிற வியாதி என்று நான் எண்ணியிருந்தேன். தலையைக் குனிந்துகொண்டு அந்தச் சுவரைக் கடப்பேன்.

மழைக்காலம் போய்ப் பனி வந்தபோது எனக்கு ஒரு குடம் தண்ணீரைத் தூக்க மூச்சு வாங்கியது. தறி அடிக்கடி நின்றது. சேலை கேட்டு முதலாளி வீட்டு ஆள் வந்து நிற்பார். "வீட்ல ஒடம்பு சரியில்லைங்க" என்று என் கணவர் தலையைச் சொறிவார். அத்தை காமாட்சி அம்மனுக்கு வேண்டிக்கொண்டார். வாழைப்பூவை ஆய்ந்து ஆய்ந்து சமைத்துப் போட்டார். உளுந்தங்களி கிளறிக் கொடுத்தார். கடைசியில் ஒரு நாள், "வா, லேடி டாக்டர் கிட்ட காட்டிகினு வந்துடலாம்" என்று என்னை ரிக்ஷாவில் ஏற்றினார்.

டாக்டரம்மாவுக்கு நடுத்தர வயது. வெளியே நிற்கக்கூட இடமில்லாத கூட்டம். எங்கள் முறை வந்ததும் அத்தையும் என்னோடு உள்ளே வந்து, எனக்கு முன்னால் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எவ்ளோ நாளா இப்படி?" டாக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"வெயில் காலத்துலேர்ந்தும்மா" என்றார் அத்தை. "மாசத்துல ரெண்டு தடவ, மூணு தடவ. நிக்கவே மாட்டேங்குது."

"கட்டி கட்டியா படுதா?"

"படுதும்மா."

என் இமையை இழுத்துப் பார்த்தார் டாக்டர். "ரத்தமே இல்லையேம்மா ஒடம்புல" என்றார். மேசையில் படுக்க வைத்துச் சோதித்தார். திரைக்கு அந்தப் பக்கம் அத்தையின் வளையல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் சொல்லியிருக்கலாம். டாக்டரின் முகம் என் காலடியில்தான் இருந்தது. ஆனால் மெதுவாகச் சொன்னாலும் திரைக்கு வெளியே கேட்கும். "கர்ப்பப்பை லேசா பெரிசா இருக்குது, ரெண்டு புள்ளை பெத்தா அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கையைக் கழுவப் போனார்.

ரத்தப்போக்கு நிற்க ஒரு மாத்திரை, ரத்தம் ஊற ஒரு இரும்புச்சத்து மாத்திரை. அந்த இரும்பு மாத்திரை என் வயிற்றை இன்னும் இறுக்கியது. கறுப்பாக, கல்லாகப் போனது. அந்த மாதம் முன்னெப்போதையும்விட அதிக ரத்தம். அடுத்த முறை ஸ்கேன் எடுத்தார்கள். அதற்கடுத்த முறை டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார்.

"மாத்திரையில நிக்கலைன்னா வேற வழி பாக்கணும். ரெண்டு குழந்தை இருக்குது, கு.க. ஆபரேஷனும் ஆயிடுச்சு. எடுத்துடலாம்."

"எடுத்துடுங்கம்மா" என்றார் அத்தை உடனே. "எங்க தெருவுல பாதிப் பேரு எடுத்துட்டாங்க. நிம்மதியா இருக்கறாங்க."

வைகாசி பிரம்மோற்சவத்தில் தெருவெல்லாம் கூட்டமாக இருக்கும், அது முடிந்ததும் வைத்துக்கொள்ளலாம் என்று நாள் குறித்தார்கள். ரிக்ஷாவில் வரும்போது அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயப்படாதே. எல்லாம் சரியாயிடும்." அவர் கை சூடாக, கனிவாக இருந்தது. அந்தக் கனிவுதான் என் வாயை இன்னும் இறுக்கிக் கட்டியது.

அந்த நாட்களில் நான் சரியாகத் தூங்கவில்லை. வயிற்றைக் கிழித்து, ஒரு தப்பும் செய்யாத ஒன்றை எடுத்து வீசப்போகிறார்கள் என்பது ஒரு பயம். அதைவிடப் பெரிய பயம் ஒன்று மெதுவாகத்தான் உறைத்தது. கர்ப்பப்பையை எடுத்த பிறகு மாதவிலக்கு வராது. ஆனால் இந்த ரத்தம் வரும். சேலையில் படும். அப்போது அத்தை பார்த்து, இது என்ன என்று கேட்பார். அப்போது நான் என்ன சொல்வேன்? எப்படியும் ஒரு நாள் சொல்லியே ஆக வேண்டும் என்றால், உடம்பு முழுசாக இருக்கும்போதே சொல்லிவிடலாமே.

நாங்கள் சைவர்கள்தான். இருந்தாலும் அந்தப் பிரம்மோற்சவத்தில் சின்னக் காஞ்சிபுரத்துப் பெருமாளின் கருடசேவைக்கு அத்தை போகாத வருடம் கிடையாது. அன்று விடியும் முன்பே பேத்திகள் இருவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டார். தெருவே காலி. மற்ற வீடுகளில் தறிச் சத்தம்கூட இல்லை. நாங்கள் இருவர் மட்டும், கொடுக்க வேண்டிய சேலை பாக்கி இருந்ததால், உட்கார்ந்து நெய்துகொண்டிருந்தோம். தறியில் ஒரு வசதி உண்டு. பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாலும் இருவர் கண்ணும் சேலையின் மேல்தான் இருக்கும்.

"ஏங்க" என்றேன். "எனக்கு கர்ப்பப்பையில ஒண்ணும் இல்லீங்க."

"டாக்டரம்மா இருக்குதுன்றாங்களே."

"ரத்தம் அங்கேர்ந்து வரல."

நாடா நின்றது. "பின்ன எங்கேர்ந்து வருது?"

"பின்னாடி."

அவர் திரும்பிக் கிணற்றடிப் பக்கம் பார்த்தார். "பின்னாடின்னா? பின்னாடி இன்னா?"

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "வீட்டுக்குப் பின்னாடி இல்லீங்க" என்றேன். "எனக்குப் பின்னாடி. கக்கூஸ் போவும்போது."

புரிந்துகொள்ள அவருக்குச் சற்று நேரமானது. "மூலமா?" என்று கேட்டார்.

எத்தனை சுலபமாகச் சொல்லிவிட்டார். ஓர் ஆணால் அந்தச் சொல்லைத் தறிமேடையில் உட்கார்ந்துகொண்டு சொல்ல முடிந்தது.

"தெரியலைங்க. கேன்சரா இருக்குமோன்னு..."

"ஏன் சொல்லல?"

"எப்படிச் சொல்றது?"

அவர் சேலையைத் தடவிக்கொண்டிருந்தார். "அம்மா கிட்ட நான் போயி இதச் சொல்ல முடியாது" என்றார். பிறகு சொன்னார்: "டாக்டரம்மா கிட்ட நீயே சொல்லிடு. அம்மா உள்ள வராம நான் பாத்துக்கறேன்."

ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்து வேண்டுமாம் என்று அத்தையிடம் சொல்லிவிட்டு, என்னைத் தன் சைக்கிளில் உட்கார வைத்துக் கூட்டிப்போனார். சைக்கிள் கேரியரில் நான் ஒருக்களித்து உட்கார்ந்தேன். ஒவ்வொரு பள்ளத்திலும் உயிர் போனது. ஆஸ்பத்திரியில் அவர் வெளி பெஞ்சிலேயே உட்கார்ந்துகொண்டார். முதல் முறையாக நான் மட்டும் அந்த அறைக்குள் போனேன்.

சொன்னேன். என்ன வார்த்தையில் சொன்னேன் என்று இப்போது நினைவில்லை. டாக்டர் என்னையே பார்த்தார். பிறகு கோபப்பட்டார்.

"வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்ல மாட்டியா? நான் எடுத்திருப்பேனே! எடுத்தப்புறம் திரும்ப வைக்க முடியுமா?"

நான் அழுதேன். அவர் எழுந்து மின்விசிறியைக் கூட்டி வைத்தார். உட்கார்ந்தார். "உன் மாமியாரை வெளிய அனுப்பிட்டு நானும் கேட்டிருக்கணும்" என்றார், மெல்ல. அவரே கையுறை போட்டுக்கொண்டு சோதித்தார். கேன்சராகத் தெரியவில்லை, உள்மூலம் மாதிரி இருக்கிறது என்றார். "ஆனா ரத்தம் வந்தாலே மூலம்தான்னு நாமளா முடிவு கட்டக் கூடாது. சர்ஜன் பாக்கணும்." ஒரு பெயரை எழுதிக் கொடுத்தார். அது ஆண் பெயர். நான் அதையே பார்த்துக்கொண்டு நின்றேன். "அவருக்கு இது தினமும் பாக்கறதும்மா" என்றார்.

சர்ஜன் தலை நரைத்தவர். நர்ஸ் ஒருத்தி என் தலைமாட்டில் நின்றாள். முதலில் அவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை. உட்கார வைத்துக் கேள்வி கேட்டார். ரத்தம் என்ன நிறம்? மலத்தின் மேல் படுகிறதா, கலந்து வருகிறதா? வலி உண்டா? எடை குறைந்ததா? வீட்டில் யாருக்காவது குடலில் வியாதி இருந்ததா? வெளியே வருகிறதா, வந்தால் தானாக உள்ளே போகிறதா, கையால் தள்ள வேண்டுமா? ஒரு வருடமாக நான் மட்டும் சுமந்துகொண்டிருந்த எல்லாவற்றையும் இந்த மனிதர், எத்தனை பிள்ளைகள் என்று கேட்பது போலக் கேட்டார். நானும் பதில் சொன்னேன். வார்த்தைகள் வந்தன.

இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்கச் சொல்லி, முழங்காலை வயிற்றோடு மடக்கச் சொன்னார்கள். எதிர்ச் சுவரில் ஒரு நாள்காட்டி. முதலில் விரலை விட்டுப் பார்த்தார். பிறகு விரல் நீளத்துக்கு ஒரு சில்லென்ற குழாய், விளக்கோடு. "மூச்ச நல்லா இழுத்து விடும்மா" என்றாள் நர்ஸ். என் கையை அவளிடம் கொடுத்திருந்தேன். அவமானத்தில் உடம்பே விறைத்திருந்தது. வலி என்று பெரிதாக இல்லை. இதற்குத்தானா இத்தனை நாள் என்று நான் எண்ணி முடிப்பதற்குள் அது முடிந்துவிட்டது.

சர்ஜன் ஒரு தாளைத் திருப்பிப் படம் போட்டார். எல்லோருக்குமே அந்த இடத்தில், உள்ளே, ரத்தக்குழாய்கள் நிறைந்த மெத்தை மாதிரி ஒன்று உண்டு, அது கசிவை அடைத்துக்கொள்கிற ஒரு நல்ல ஏற்பாடு என்றார். முக்கி முக்கி, அல்லது வயிற்றில் பிள்ளையைச் சுமந்த அழுத்தத்தில், அது வீங்கிச் சரிந்து இறங்கினால் அதற்குப் பெயர் மூலம். சூட்டு உடம்பு, தறியில் உட்காருவது, மிளகாய் என்று ஊரில் சொல்வார்களே என்றேன். "மிளகாய் எரிச்சலக் கூட்டும், மூலத்த வரவைக்காது" என்றார். "உனக்குக் காரணம் பிரசவம், மலச்சிக்கல், தண்ணி குடிக்காதது. தானா உள்ள போயிடுது இல்ல, அதனால ரெண்டாம் கட்டம்தான். கத்தி வேணாம்."

இன்னொரு நாள் எனிமா கொடுத்து, அதைவிட நீளமான குழாயால் இன்னும் மேலே பார்த்தார்கள். கையைத் துடைத்துக்கொண்டே, "கேன்சர் இல்லம்மா" என்றார். நான் கேட்கவே இல்லை. கேட்காமலேயே அவருக்குத் தெரிந்திருந்தது. வெளியே பெஞ்சில் என் கணவரிடம் அதைச் சொல்லப் போய் அழுதுவிட்டேன். அவர் பயந்து போய் எழுந்து நின்றுவிட்டார்.

வைத்தியம் ரப்பர் வளையம். அதே சிறு குழாயை விட்டு, வீங்கிய இடத்தின் அடியில் ஒரு சின்ன ரப்பர் வளையத்தை மாட்டிவிடுவார்கள். ரத்த ஓட்டம் நின்று அது வாடி, சில நாட்களில் வளையத்தோடு சேர்ந்து விழுந்துவிடும். அந்த உயரத்தில் வலி தெரியும் நரம்பு கிடையாது என்றார். முதல் முறை உண்மையிலேயே ஒரு கனம் போலத்தான் இருந்தது. இரண்டாம் முறை வளையம் சற்றுக் கீழே, வலி தெரிகிற இடத்தில் மாட்டிவிட்டது. நான் அலறியதில் நர்ஸின் கையில் என் நகம் பதிந்தது. அவர் உடனே அதை வெட்டி எடுத்துவிட்டு, மேலே தள்ளி இன்னொன்றைப் போட்டார். "வலிச்சா சொல்லணும். நீ சொன்னதாலதான் தெரிஞ்சுது" என்றார். சத்தம் போட்டதற்கு ஒருவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

மீதியெல்லாம் வீட்டு வேலை. நிறையத் தண்ணீர். கீரை, காய், பழம். உமி போன்ற ஒரு பவுடரைத் தண்ணீரில் கலக்கிக் குடிக்க வேண்டும். அடக்கக் கூடாது, முக்கக் கூடாது, அங்கே வெகுநேரம் உட்காரக் கூடாது. இரும்பு மாத்திரையை மாற்றிக் கொடுத்தார்கள். தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் சற்று நேரம் உட்கார வேண்டும்.

அந்தத் தண்ணீரில்தான் மாட்டிக்கொண்டேன். ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், வேறு வைத்தியம் என்று மட்டும் என் கணவர் தன் அம்மாவிடம் சொல்லியிருந்தார். கிணற்றடியில் பிளாஸ்டிக் டப்பில் நான் உட்கார்ந்திருந்தபோது அத்தை வந்து நின்றார்.

"இது இன்னா வைத்தியம்?"

எழுந்து ஓட முடியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பு வரை தண்ணீரில் இருக்கிறேன். இருந்த இடத்திலிருந்தே எல்லாவற்றையும் சொன்னேன்.

அத்தை துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டார். "அப்போ அது தீட்டே இல்லையா?"

"இல்லத்தே."

"எத்தினி தடவ மஞ்சத் தண்ணி தெளிச்சேன். எத்தினி தடவ தறிய நிறுத்தினேன். அம்மனுக்கு வேற வேண்டிகினு... வாயில இன்னாடி, கொழுக்கட்டையா வெச்சிருந்த?" அவர் பாய் கிடந்த பக்கம் கையை நீட்டினார். "தீட்டில்லாதவள வெயில்லயும் மழையிலயும் வெளிய உக்கார வெச்சிருக்கறேன். அந்தப் பாவம் யாருக்கு?"

அவர் கோபம் என் மேல்தானா என்று எனக்குத் தெரியவில்லை. பல நாள் என்னோடு நேராகப் பேசவில்லை. "உங்கம்மாவ சாப்புடச் சொல்லு" என்று பெரியவளிடம் சொல்லுவார். ஆனால் சாப்பாட்டுத் தட்டில் கீரை இருந்தது. என் பக்கத்தில் எப்போதும் ஒரு குடம் தண்ணீர் இருந்தது. பிறகு யோசித்து யோசித்து அவரே தீர்ப்பும் சொன்னார். கையில் அரிவாள்மணை வெட்டி ரத்தம் வந்தால் தீட்டா? இல்லை. அப்போது இதுவும் காயம்தான். அதற்கு ஒதுங்க வேண்டியதில்லை. மாதவிலக்கு அப்படியில்லை, அதற்கு ஒதுங்கத்தான் வேண்டும். அந்தப் பாய் போகவில்லை. அத்தை இருந்தவரை அது அங்கேயேதான் இருந்தது.

தெருவுக்கு அவர் சொன்ன கதை வேறு. மருமகளுக்குக் கர்ப்பப்பையில் கோளாறு, அம்மன் புண்ணியத்தில் எடுக்காமலே சரியாகிவிட்டது. இதைக் கேட்டு நாலைந்து வீட்டுப் பெண்கள் என்னிடம் வந்தார்கள். எந்த மாத்திரை, எந்த டாக்டர் என்று கேட்டார்கள். அத்தை ராட்டையைச் சுற்றிக்கொண்டே என்னைப் பார்ப்பார். நான் என்ன சொல்ல முடியும்? அதில் ஒருத்திக்கு ஆபரேஷன் நாள் குறித்திருந்தார்கள். அவளை வாசல் வரை கொண்டுபோய் விடுவது போலப் போய், "டாக்டர் கிட்ட தனியா போய்ப் பேசு. கூட யாரையும் உள்ள கூட்டிகினு போவாதே" என்று மட்டும் சொன்னேன். அவள் போனாளா, என்ன பேசினாள் என்று தெரியாது. அந்த வருடமே அவர்கள் செவிலிமேட்டுப் பக்கம் குடிபோய்விட்டார்கள்.

சில வருடங்கள் எனக்குத் தொந்தரவு இல்லை. இரண்டாயிரம் பிறந்து கொஞ்ச காலம் கழித்து, ஒரு கோடையில் மறுபடி ரத்தம் தெரிந்தது. இந்த முறை நான் காத்திருக்கவில்லை. கணவரிடம் காலையிலேயே சொன்னேன், தறியை விட்டுவிட்டு டவுன் பஸ் ஏறித் தனியாகவே போனேன். அந்த சர்ஜன் ஓய்வு பெற்றிருந்தார். அவர் இடத்தில் ஓர் இளம் டாக்டர் இருந்தார்.

வெளியே நீள பெஞ்ச். என் வயதுக்காரப் பெண் ஒருத்தி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பட்டுக் கடையில் வேலை பார்ப்பவள் என்று அவள் சேலைக் கட்டிலிருந்தே தெரிந்தது. பேச்சுத் துணைக்காக என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்கு இன்னாம்மா ஒடம்புக்கு?"

எனக்கு எல்லாம் தெரியும். நோயின் பெயர் தெரியும், அதன் கட்டங்கள் தெரியும், உள்ளே என்ன செய்வார்கள் என்று தெரியும். டாக்டரிடம் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவேன். ஆனால் அந்த பெஞ்சில், எதிரே நாலைந்து பேர் உட்கார்ந்திருக்க, என் வாயில் வந்தது வேறு.

"வயித்து வலி" என்றேன்.

"எனக்கும் அதேதாம்மா" என்றாள் அவள்.

சொல்லிவிட்டு மெதுவாக ஒரு தொடையிலிருந்து மறு தொடைக்குச் சாய்ந்து, ஒருக்களித்தபடியே உட்கார்ந்துகொண்டாள். நான் அதைப் பார்த்தேன். நான் பார்த்ததை அவளும் பார்த்தாள். இருவரும் வேறு பக்கம் திரும்பிக்கொண்டோம். சற்று நேரத்தில் நர்ஸ் என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாள். எழுந்து உள்ளே போனேன்.